தரமற்ற குக்ரியை இனம்காண்பது எப்படி?

குக்ரி நேபாளத்து வீடுகளின் வேலைக்கத்தி. விறகு பிளக்கவும், மூங்கில் சீவவும், இறைச்சி நறுக்கவும், தசைன் திருவிழாவில் கிடா வெட்டவும் மலைக்கிராமங்களில் இன்றும் அதுதான் கைக்கு வருகிறது. காட்மாண்டுவின் சௌனி பகுதியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில், 1559இல் கூர்க்கா அரசை நிறுவிய திரவிய ஷாவுடையது எனக் கருதப்படும் ஒரு குக்ரி இருக்கிறது. 1814 முதல் 1816 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் நடந்த போரில் கூர்க்காக்களின் வீரத்தைக் கண்ட கம்பெனி, 1815 முதலே அவர்களைத் தன் படையில் சேர்க்கத் தொடங்கியது. அந்த வீரர்களின் இடுப்பில் தொங்கிய குக்ரியும் அவர்களோடு உலகமெங்கும் பெயர் பெற்றது.

பெயர் பெற்ற பொருளுக்குப் போலி வராமல் இருக்காது. காட்மாண்டுவின் தமேல் கடைவீதி, டார்ஜிலிங், டேராடூன், இணையக் கடைகள் என எங்கும் இன்று குக்ரி கிடைக்கிறது. அவற்றுள் பெரும்பகுதி சுவரில் மாட்டத்தான் உதவும். சேகரிப்பாளர் எதிர்கொள்ளும் மோசமான குக்ரி மூன்று வகை. சுற்றுலாப் பயணிக்காகச் செய்த அலங்காரப் பொருள் ஒன்று. வேலைக்கத்தி என்ற பெயரில் அரைகுறையாக அடித்து முடித்த புதுக்கத்தி மற்றொன்று. புதிதாகச் செய்துவிட்டு நூறாண்டுப் பழையது என்று விற்கப்படுவது மூன்றாவது. முதல் வகையில் இழப்பு சிறிது. மூன்றாவதில் பெரும்பணம் போய்விடும். மூன்றையும் கண்டுபிடிக்கும் வழி ஒன்றே: குக்ரியை முதலில் ஒரு கருவியாகப் பார்ப்பது. வேலைக்கு ஆகாத கத்தியை அதன் வெள்ளிப்பூணும் செதுக்கு வேலையும் காப்பாற்றாது.

எது மோசம் என்று அறிய, நல்லது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். கிழக்கு நேபாளத்தின் போஜ்பூரும் தரானும் குக்ரிக்குப் பேர்போன ஊர்கள். செய்பவர்கள் காமி எனப்படும் கொல்லர் சமூகத்தினர். விஸ்வகர்மா என்ற பெயரை இணைத்துக்கொள்வோர் அவர்களில் பலர். நாட்டின் பெருமைச் சின்னத்தைச் செய்து தந்த அந்தச் சமூகத்தையே சாதி வழக்கம் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைத்திருந்தது. குக்ரியைப் போற்றுபவர்கள் மறந்துவிடக் கூடாத வரலாறு இது.

இன்றைய பட்டறைகளில் மூலப்பொருள் பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டை. அந்த எஃகில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை கார்பன் இருப்பதால், கடினமாகவும் ஆகும், அடியைத் தாங்கும் நெகிழ்வும் இருக்கும். பட்டையை உலையில் சிவக்கக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து வடிவம் கொண்டுவருகிறார்கள். அதன்பின் வருவதே கத்தியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் கட்டம். சிவந்த கத்தியைத் தொட்டியில் முழுதாக அமிழ்த்தாமல், மூக்குள்ள கெண்டியிலிருந்து கத்தியின் வாய் நெடுகத் தண்ணீரை ஊற்றுகிறார்கள். சட்டென்று குளிர்ந்த வாய் இறுகிக் கடினமாகிறது. மெதுவாக ஆறும் முதுகு மென்மையாகவே நிற்கிறது. கூர் நிலைக்கவும் வேண்டும், கட்டையில் ஓங்கி வெட்டும்போது கத்தி ஒடியாமலும் இருக்க வேண்டும் என்ற இரு தேவைகளையும் இந்த ஒரே தோய்ச்சல் தீர்த்து வைக்கிறது. நிறத்தைப் பார்த்து வெப்பத்தைக் கணிக்கும் கண்ணும், நீர் ஊற்றும் கையின் வேகமும் பல ஆண்டுப் பழக்கத்தில்தான் கைகூடும். தரமற்ற குக்ரிகளில் பெரும்பாலானவை தோற்பது இந்த இடத்தில்தான். ஆனால் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கத்தியில் இது கண்ணுக்குத் தெரியாது.

தெரிகிற இடத்திலிருந்தே சோதனையைத் தொடங்கலாம். கத்தியைப் பிடிப்பக்கமிருந்து கண்ணருகே நீட்டி, முதுகின் நெடுகப் பார்க்க வேண்டும். நன்றாக அடித்த குக்ரியின் முதுகு பிடியருகே தடித்து, பெரும்பாலும் 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை இருந்து, முனையை நோக்கி மெல்ல மெல்ல மெலியும். பிடியிலிருந்து முனை வரை ஒரே தடிமன் என்றால், தகட்டை வடிவத்துக்கு வெட்டிச் சாணை பிடித்திருக்கிறார்கள், சம்மட்டி அதைத் தொடவே இல்லை என்று கொள்ளலாம். முதுகுக்கோடு இடமோ வலமோ கோணினால் தோய்ச்சலின்போது முறுக்கிக்கொண்டதைச் சரிசெய்யாமல் விட்டிருக்கிறார்கள். கையால் அடித்த கத்தியில் இரு பக்கமும் அச்சில் வார்த்தது போல ஒத்திருக்காது. அந்தச் சிறு வேறுபாடு குறையல்ல. வளைவு ஓரிடத்தில் முறிந்து திரும்புவதும், வயிற்றுப் பகுதியில் மேடுபள்ளம் தட்டுவதும் குறைதான்.

அடுத்து வாய். நல்ல குக்ரியின் பக்கங்கள் முதுகிலிருந்து வாய் வரை இலேசாகப் புடைத்து, சீராக இறங்கி, கூரில் முடியும். வாய்க்குப் பின்னால் போதிய கனம் இருப்பதால் அது கட்டைக்குள் இறங்கினாலும் சிக்கிக்கொள்ளாது. மோசமான கத்தியிலோ பக்கங்கள் தட்டையாக வந்து, கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் மட்டும் சாணையால் ஒரு சரிவு வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சரிவுக்கு மேலே உள்ள தடிமனை விரலால் தடவினாலே அது வெட்டுமா, மழுங்கி முட்டுமா என்று சொல்லிவிடலாம்.

பிடிக்குச் சற்று முன்னால், வாயின் அடியில் உள்ள சிறு வெட்டுப் பள்ளத்துக்குச் ‘சோ’ என்றும் ‘கௌடி’ என்றும் பெயர். சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு, ரத்தம் பிடிக்கு வராமல் தடுக்கும் வழி என்று அதற்குப் பல விளக்கங்கள் உலவுகின்றன. சேகரிப்பாளருக்கு விளக்கத்தைவிட வேலைத்திறன் முக்கியம். நல்ல கைவினைஞர் இதை அரத்தால் பொறுமையாகத் தேய்த்து, விளிம்புகளை உருட்டி முடித்திருப்பார். அவசரத் தயாரிப்பில் இயந்திரச் சக்கரம் பிறாண்டிய தடமும் கூர்மூலைகளும் அப்படியே நிற்கும். அழகுக் குறையோடு இது நிற்பதில்லை. கூர்மூலையில்தான் அழுத்தம் குவிந்து விரிசல் பிறக்கும். அந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது வீண்போகாது.

எடையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. கனமான குக்ரிதான் உறுதியானது என்று நம்பி, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் 12 மில்லிமீட்டர் தடித்த கத்திகளைக் கேட்டு வாங்குகிறார்கள். பட்டறைகளும் செய்து தருகின்றன. அன்றாட வேலைக்கான குக்ரி பொதுவாக 40 முதல் 45 சென்டிமீட்டர் நீளமும், ஏறத்தாழ அரைக் கிலோவிலிருந்து 900 கிராம் வரை எடையும் கொண்டது. சிருபாதே என்ற ஒடுங்கிய வகை இன்னும் இலேசாக இருக்கும். போஜ்பூரே வகை அகன்று கனத்திருக்கும். கையில் எடுக்கும்போது எடை வயிற்றுப்பகுதியில் குவிந்து, வீச்சுக்குத் தானாக உதவ வேண்டும். மணிக்கட்டு உடனே சோர்ந்தால் அந்தக் கனம் சம்மட்டி வேலையை மிச்சம்பிடித்ததால் வந்தது. மெலிய அடிக்க நேரமும் கரியும் செலவாகும். தடித்தபடியே விட்டுவிட எதுவும் செலவில்லை.

கடினத்தைச் சோதிக்க எளிய கருவி அரம். வாங்கிய புதுக்கத்தியின் வாயில், கூருக்குச் சற்று மேலே, நுண்ணிய அரத்தை இலேசாக இழுத்தால், இறுகிய எஃகில் அது வழுக்கும். மென்மையான இரும்பில் பற்றிச் சுரண்டும். அதே அரம் முதுகில் பற்ற வேண்டும். இரண்டு இடத்திலும் பற்றினால் தோய்ச்சலே நடக்கவில்லை, அல்லது கார்பன் குறைந்த சாதா இரும்பு. 0.25 சதவீதத்துக்கும் குறைவான கார்பன் உள்ள இரும்பை எத்தனை முறை நீரில் தோய்த்தாலும் கூர் தாங்கும் கடினம் வராது. இரண்டு இடத்திலும் வழுக்கினால் கத்தி முழுதும் இறுகியிருக்கிறது; ஓங்கி வெட்டும்போது ஒடியக்கூடும். புதுக்கத்தியை எண்ணெய் போகத் துடைத்துவிட்டு எலுமிச்சைச் சாறு தடவிச் சில நிமிடம் விட்டாலும், இறுகிய பகுதியும் மென்பகுதியும் வெவ்வேறு சாம்பல் நிறம் காட்டும். வெட்டு விழும் வயிற்றுப் பகுதியில் அந்த எல்லைக்கோடு தெளிவாகத் தெரிந்தால் கொல்லர் தன் வேலையைச் செய்திருக்கிறார். பழங்கத்தியில் அரமும் எலுமிச்சையும் படவே கூடாது. நூறாண்டு சேர்ந்த மேற்பரப்பை அவை ஒரு நொடியில் அழித்துவிடும்.

வாயில் குறுக்காக ஓடும் மயிரிழை விரிசல்கள் அளவுக்கு மீறிய சூட்டில் தோய்த்ததன் அடையாளம். இவற்றைச் சரிசெய்ய வழியில்லை. அந்தக் கத்தியை அத்துடன் கைவிட வேண்டியதுதான். கூர் ஓரத்தில் நீலமோ ஊதாவோ படிந்திருந்தால், சாணை பிடிக்கையில் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி, ஏற்றிய கடினம் இறங்கிவிட்டது என்று பொருள். விரல் நகத்தால் முதுகைச் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மந்தமான ஓசை பிடிக்குள் தளர்வையோ மறைந்த விரிசலையோ குறிக்கலாம்.

கண்ணாடி போல் மின்னும் கத்திகள் தனிக் கவனம் கேட்கின்றன. நல்ல குக்ரியையும் முகம் தெரியும்படி மெருகேற்றுவது நேபாளத்தில் வழக்கம்தான். அலங்காரக் கத்தியிலோ மென்மையான இரும்பின்மேல் குரோம் பூசியிருப்பார்கள், அல்லது துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை வெட்டியிருப்பார்கள். பூச்சாக இருந்தால் சோவின் மூலையிலும் பூணின் ஓரத்திலும் கொப்புளமும் உரிவும் முதலில் தலைகாட்டும். காந்தம் ஒட்டுகிறதே என்று திருப்திப்பட்டுவிடக் கூடாது. மலிவுக் கத்திகளுக்குப் பயன்படும் துருப்பிடிக்காத எஃகு வகைகள் பலவற்றிலும் காந்தம் ஒட்டும்.

கத்திக்கு அடுத்து அதிகம் ஏமாற்றும் இடம் பிடி. வெளியே எருமைக்கொம்பும் சீசம் மரமும் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே எஃகின் வால் எவ்வளவு தூரம் போகிறது என்பதே கேள்வி. இன்றைய நல்ல குக்ரிகளில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றில் ஒடுங்கிய வால் பிடியின் நடுவே முழுநீளம் சென்று, பின்பூண் எனப்படும் பின்பக்கத்துச் சிறு உலோகத் தகட்டின்மேல் தட்டி அடிக்கப்படுகிறது; இடைவெளியை ‘லாஹா’ என்ற அரக்கு நிரப்புகிறது. மற்றொன்று ‘பனாவல்’. இதில் வால் பிடியின் அகலத்துக்கே விரிந்து, இருபுறமும் மரமோ கொம்போ வைத்து ரிவெட் அடிக்கப்படுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலப் படைக்கத்திகள் பலவற்றில் காண்பது இந்த அமைப்பு. பனாவலில் எஃகுக்கும் பக்கத்துண்டுக்கும் இடையே காகிதம் நுழைய இடமிருந்தால் ரிவெட் இறுகவில்லை.

சுவர்க்கத்திகளில் வால் நாலைந்து சென்டிமீட்டரோடு நின்றுவிடும்; பிசின் மட்டுமே அதைப் பிடித்திருக்கும். முதல் பலமான வெட்டில் கத்தி பிடியைவிட்டுப் பறந்து அருகில் நிற்பவர்மேல் பாயும் ஆபத்து உண்டு. பின்பூணில் வாலின் அடித்த தலை தெரிகிறதா என்று பார்ப்பதோடு, ஒரு கையால் பிடியையும், துணி சுற்றிய மறுகையால் கத்தியின் முதுகையும் பற்றி இலேசாக அசைத்துப் பார்க்கலாம். மிகச் சிறிய ஆட்டம்கூட இருக்கக் கூடாது. அழகுக்காக ஒட்டிய வெறும் தலையும் சந்தையில் உண்டு என்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. இதில் ஒரு விதிவிலக்கை நினைவில் வைப்பது முக்கியம். 19ஆம் நூற்றாண்டுக் கத்திகள் பலவற்றில் வால் பிடிக்குள்ளேயே முடிந்து, அரக்கின் பிடிப்பில்தான் நின்றது. அந்தக் காலத்துக்கு அது குறையே அல்ல.

கொம்பு என்று விற்கும் பிடி பிளாஸ்டிக்காக இருக்கலாம். கொம்பில் நார்போன்ற ஓட்டமும் நிறமாற்றமும் இருக்கும். பிளாஸ்டிக்கில் அச்சு இணைந்த கோடு இருக்கும். பித்தளைப் பூணில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு.

உறையையும் அதன் பின்னால் செருகியிருக்கும் இரண்டு சிறுகத்திகளையும் பலர் பார்ப்பதே இல்லை. ‘கர்தா’ சிறு வேலைகளுக்கான கத்தி. ‘சக்மக்’ கூரற்றது, குக்ரியின் வாயை நீவிவிடவும், சிக்கிமுக்கிக் கல்லில் தட்டித் தீப்பொறி எழுப்பவும் உதவுவது. மிச்சம்பிடிக்க நினைக்கும் தயாரிப்பாளர் முதலில் கைவைப்பது இவற்றில்தான். இரண்டும் ஒரே தகட்டில் வெட்டிய மென்மையான துண்டுகளாக, சாயம் பூசிய மட்ட மரப்பிடியோடு இருந்தால், பெரிய கத்தியிலும் அதே மனப்பான்மைதான் வேலை செய்திருக்கும். சக்மக் நன்றாக இறுகிய எஃகு என்றால் அந்தப் பட்டறை எதையும் ஏமாற்றவில்லை என்று ஓரளவு நம்பலாம். பழைய குக்ரிகளில் இவை தொலைந்துபோயிருப்பது சகஜம். அதனால் அவற்றின் மதிப்பு ஓரளவு குறையுமே தவிர, கத்தியின் உண்மைத்தன்மை பாதிக்கப்படாது.

உறை இரண்டு மரப்பட்டைகளைச் சேர்த்து எருமைத்தோல் போர்த்தியது. கத்தி அதில் வழுக்கி விழவும் கூடாது, இழுக்கச் சண்டையிடவும் கூடாது. மோசமான உறையில் மரம் மெலிந்து, கத்தியின் வாய் தையலை அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். குக்ரியை உருவும்போது உறையில் கத்தியின் வாய் படும் பக்கத்தில் விரல்களைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது. பழகியவர்கள்கூட மலிவு உறையால் விரலை அறுத்துக்கொள்வது இந்தப் பிடியால்தான்.

சிங்கத்தலைப் பிடி, கத்தியின் மேல் பொறித்த நாட்டின் பெயர், கண்ணாடிக்கல் பதித்த உறை ஆகியவை பெரும்பாலும் நினைவுப்பொருளின் அடையாளங்கள். ஆனால் அலங்காரமே போலி என்று முடிவுகட்டிவிட முடியாது. கோத்திமோரா எனப்படும் வெள்ளி வேலைப்பாடுள்ள குக்ரிகள் அதிகாரிகளுக்கும் ஓய்வு பெறுவோருக்கும் பரிசாக அளிக்கப்பட்ட உயர்ந்த படைப்புகள். அவற்றில் வெள்ளிக்குள் இருக்கும் கத்தியும் முதல்தரமாகவே இருக்கும். “உறையிலிருந்து எடுத்தால் ரத்தம் பார்க்காமல் உள்ளே போகாது” என்று கதைசொல்லி விற்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. தினமும் விறகு வெட்டும் கருவிக்கு அப்படியொரு விரதம் இருந்ததே இல்லை.

பழமையாக வேடமிட்ட குக்ரி சேகரிப்பாளரின் உண்மையான பரீட்சை. அமிலமும் உப்பும் தடவி வரவழைத்த துரு, கத்தி முழுதும் ஒரே சீராகக் குழித்திருக்கும். காலம் தந்த துரு அப்படிப் பரவாது. உறைக்குள் ஈரம் தங்கிய இடத்தில் ஆழமாகவும், எண்ணெய் படிந்த இடத்தில் இலேசாகவும் இருக்கும். ஒரு தலைமுறை தீட்டித் தீட்டிப் பயன்படுத்திய கத்தியின் வயிறு ஒடுங்கி, வாய் சற்று அலையோடியிருக்கும். பிடியில் விரல் பட்ட இடம் மட்டும் வழவழப்பாகியிருக்கும். கத்தி சிதைந்து, பிடியின் அரக்கு மட்டும் புதிதாகப் பளிச்சிட்டால் கேள்வி கேட்க வேண்டும். கத்தியைவிட உறை பல பத்தாண்டு இளையதாக இருப்பது மட்டும் சந்தேகத்துக்குரியதல்ல. தோல் மட்கியதும் உறையை மாற்றுவது எல்லா வீட்டிலும் நடந்தது. பழைய கத்திகளில் அடுக்கடுக்காகச் சேர்த்தடித்த இரும்பின் ரேகையும் சிறு ஒட்டுக்குறைகளும் தெரிவது நல்ல அறிகுறி.

2000களின் தொடக்கத்தில் நேபாள அரசின் பழைய ஆயுதக்கிடங்கிலிருந்து பெருந்தொகையான படைக்கலங்கள் வெளிநாட்டு வணிகர்களுக்கு விற்கப்பட்டன. அவற்றோடு வந்த நீண்டு மெலிந்த 19ஆம் நூற்றாண்டுக் குக்ரிகளால், உண்மையான பழங்கத்தி நியாய விலைக்கே கிடைக்கும் நிலை வந்தது. போலிக்குப் பெரும்பணம் கொடுக்க இன்று காரணமே இல்லை.

உலகப் போர்க் காலப் படைக்குக்ரிகளில் ஆண்டு, தயாரிப்பாளர் குறி, ஆய்வு முத்திரை, பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் காட்டும் அகன்ற அம்பு ஆகியவை இருக்கும். இவற்றை எளிதில் நகலெடுக்கலாம் என்பதால், குறி இருக்கிறது என்பதை மட்டும் வைத்து விலை கொடுக்கக் கூடாது. துருக்குழிக்கு மேலே கூர்மையான விளிம்போடு எழுத்து நின்றால், துருவுக்குப் பிறகு முத்திரை வந்திருக்கிறது. உண்மையான முத்திரைக்குள்ளும் சுற்றியுள்ள அதே கருமை படிந்திருக்கும்.

அலையலையான வடிவம் ஓடும் ‘டமாஸ்கஸ்’ குக்ரிகள் இப்போது நிறைய வருகின்றன. பாகிஸ்தானின் வஜீராபாத் அவற்றின் முக்கிய ஊற்று. உண்மையாக அடுக்கிய எஃகு என்றால் வடிவம் முதுகின்மேலும் தொடரும். மேற்பரப்பில் மட்டும் அமிலத்தால் வரைந்தது முதுகில் அறுந்துவிடும், மெருகேற்றினால் மறைந்துவிடும். உண்மை டமாஸ்கஸ் ஆனாலும் அது நேபாள மரபின் வழக்கமான கத்தி அல்ல. ‘பழமையான டமாஸ்கஸ் குக்ரி’ என்ற விளம்பரத்தைக் கண்டால் கடந்து போவது நல்லது.

இந்தியாவில் வாங்குபவர்கள் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை, குக்ரியின் பெயரையும் சொல்லியே, ஆயுதப் பட்டியலில் சேர்த்தன. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் தேவை. உள்ளூர்க் காவல் நிலையத்தில் நிலையைக் கேட்டறிவது பாதுகாப்பு. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டைக் கடந்த கலைப்பொருளைத் தனிநபர் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது.

குக்ரி வாங்கப் போகிறவர்கள் விற்பவரிடம் எந்த எஃகு, வால் எதுவரை போகிறது, எந்த ஊரில் யார் அடித்தது என்று தயங்காமல் கேட்க வேண்டும். நல்ல பட்டறையின் கத்தியை விற்பவர் கொல்லரின் பெயரைச் சொல்வார், வாயையும் பின்பூணையும் அருகில் நின்று பார்க்க விடுவார். பதில் வராத கடையில் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, பெயர் சொல்லக்கூடிய ஒரு கொல்லரின் கத்தியை வாங்குங்கள்.